கடன்காரன் என்பவன் யார்?



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் ஃபவுண்டரி நடத்தியவர். சேர்த்ததில் ஒரு பகுதியைக் கல்லூரியின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்தச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆக, வட்டியைப் பற்றிப் பேச வந்தவனுக்கு வட்டிப் பணத்தில் சால்வை போட்டிருக்கிறீர்கள். அந்த வட்டியின் வேரைத் தேடிப்போனால், எங்கோ ஒரு பட்டறைக்காரர் மாதாமாதம் வங்கியில் கட்டும் பணத்தில் போய் முடியும். அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தமிழில் 'கடன்காரன்' என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு. வாங்கியவனும் கடன்காரன், கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்பவனும் கடன்காரன். 'பிள்ளையைப் படிக்கவைத்தே கடன்காரன் ஆயிட்டான்' என்றால் வாங்கியவன். 'விடிஞ்சா கடன்காரன் வந்து நிப்பான்' என்றால் கொடுத்தவன். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் கோவை வட்டாரக் கிளைகளில். சிறுதொழில் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை. அவர் ஒரே நேரத்தில் இரண்டு பொருளிலும் கடன்காரர். வங்கி அவரை ஒரு பொருளில் மட்டும் பார்க்கிறது. மேனேஜர் நாற்காலியில் இருந்தவரை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு கோவையின் கணபதி பகுதியில் குடியேறினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கடைசல் பட்டறை. இரண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத், ஐந்து பையன்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய ஷாஃப்ட், புஷ் எல்லாம் ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுப்பவர். ஒருநாள் வந்து, "ஏனுங்க சார், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஒண்ணு எழுதித் தர முடியுங்களா?" என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் வாங்கிக் கோப்பில் கட்டிய காகிதம்தானே என்று போனேன். அங்கே போய்ப் பார்த்தால் எழுதுவதற்கு ஸ்டாக் இல்லை. கீழே கிடந்த இரும்பெல்லாம் பார்ட்டிகள் கொடுத்தனுப்பிய சரக்கு. அவருடையது என்று சொல்ல, கடைசலில் விழுந்த இரும்புச் சுருள்தான் மிச்சம். அதையும் ஒரு பார்ட்டி எடை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறாராம்.

அவருக்கு இருக்கும் சொத்து ஒன்றுதான்: வரவேண்டிய பாக்கி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 4 லட்சத்துக்கு பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிகள் 120 நாள் கழித்துப் பணம் தருகிறார்கள். அப்படியானால் எந்த நாளில் பார்த்தாலும் 16 லட்ச ரூபாய் வெளியே நிற்கிறது. வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. ஜாமீன் கிடையாது. பல பார்ட்டிகளிடம் எழுத்தில் ஆர்டர்கூடக் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடமும் 'அவசரம்' என்ற ஒரு சொல்லும்தான்.

இனி வங்கியின் கணக்கு. 1991இல் ரிசர்வ் வங்கி அமைத்த பி.ஆர். நாயக் குழு, சிறுதொழிலின் நடைமுறை மூலதனத்துக்கு ஓர் எளிய வாய்ப்பாடு சொன்னது. ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு தேவை. அதில் 20 வங்கி தரட்டும், 5 தொழில் செய்பவர் போடட்டும். நம்மவருக்கு ஆண்டு விற்பனை 48 லட்சம். லிமிட் 9 லட்சத்து 60 ஆயிரம். நல்ல வாய்ப்பாடுதான். ஆனால் 25 விழுக்காடு என்பதன் பொருள், போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும் என்பது. நான்காவது மாதத்தை யார் தாங்குவது என்பதற்கு வாய்ப்பாட்டில் இடமில்லை.

லிமிட் போட்டுவிட்டால் அவ்வளவையும் எடுத்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. மாதாமாதம் டிராயிங் பவர் என்று ஒன்று கணக்கிடுவோம். பெரும்பாலான வங்கிகளில் 90 நாள் தாண்டிய பாக்கி கணக்கில் வராது. மிச்சத்திலும் மார்ஜின் கழிப்போம். 16 லட்சத்தில் 90 நாளுக்கு உட்பட்டது 12 லட்சம். மார்ஜின் 40 விழுக்காடு என்றால் கைக்கு வருவது 7 லட்சத்து 20 ஆயிரம். இப்போது அவருக்குப் பாதி வேலை தரும் பெரிய பார்ட்டி பணத்தை இழுத்தடிக்கிறது, இவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்துகிறார் என்று வையுங்கள். மூன்று மாதத்தில் அந்தப் பார்ட்டியின் பழைய பில் எல்லாம் 90 நாளைத் தாண்டிவிடும். புது பில் மாதம் 2 லட்சமாகிவிடும். டிராயிங் பவர் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வந்து நிற்கும். வெள்ளம் வரும்போது படகைத் திருப்பி வாங்கிக்கொள்வதுபோல. இந்தக் கணக்கை நான் நூற்றுக்கணக்கான முறை போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில்லை.

'கிரெடிட் ரிஸ்க்' என்று பாடப்புத்தகத்தில் நீங்கள் படிப்பது, வாங்கியவர் திருப்பித் தராமல் போகும் இடர். வங்கிக்கு அது ஒருவழிப் பாதை. பட்டறைக்காரருக்கு அந்தச் சொல் தெரியாது. அந்த இடர் நன்றாகத் தெரியும். அவருக்கு அது வாடிக்கையாளர் பக்கமிருந்து வருகிறது. அதை அளக்க அவரிடம் சிபில் கிடையாது, வேறு கருவிகள் இருக்கின்றன. பார்ட்டியின் கேட்டில் லாரி நிற்கிறதா? வாட்ச்மேனுக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா? பர்ச்சேஸில் இருக்கும் தம்பி போனை எடுக்கிறாரா, எடுத்ததும் "மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாரா? பார்ட்டி திடீரென்று பழக்கமில்லாத ஒரு ஜாப் ஒர்க்காரரைத் தேடுகிறார் என்றால், பழைய ஆளுக்குப் பாக்கி வைத்துவிட்டார் என்று பொருள். இந்த மதிப்பீடெல்லாம் டீக்கடையில் நடக்கிறது. எங்கள் கிரெடிட் டிபார்ட்மென்ட் அறிக்கைகளைவிட இவை மோசமாக இருந்தன என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம்மிடம் 'நாணயம்' என்று ஒரு சொல் இருக்கிறது. காசுக்கும் அதுதான் பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் அதுதான் பெயர். "ஆள் நாணயமான ஆளுங்க" என்று ஒருவர் சொன்னால் கடைவீதியில் அது ஒரு ஜாமீன். கரூரில் 1916இல் கரூர் வைசியா வங்கியும், தூத்துக்குடியில் 1921இல் இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப்படும் நாடார் வங்கியும் தொடங்கியபோது, கடன் கொடுத்தவர்கள் கடன் கேட்டவர்களின் அப்பாவை அறிந்தவர்கள். அதில் சாதி இருந்தது, வேண்டியவர் வேண்டாதவர் இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபின் வாசல் அகலமானது. கூடவே மூன்று ஆண்டுக்கொருமுறை மேனேஜர் மாற்றலாகிப் போகும் வழக்கமும் வேரூன்றியது. பட்டறைக்காரர் மூன்று வருடம் சேர்த்த நாணயம், புது மேனேஜர் வந்த திங்கட்கிழமை பூஜ்யத்துக்கு வந்துவிடும். கடைவீதி ஃபைனான்ஸ்காரர் மாற்றலாகிப் போவதில்லை. சிறு தொழிலதிபர் அதிக வட்டிக்கு ஏன் அவரிடம் போகிறார் என்று ஆய்வு செய்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம்.

வட்டியை எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் பாருங்கள். வங்கி ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்கிறது. கடைவீதியில் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று கணக்கு. 12 விழுக்காடு என்றால் 'ஒரு ரூபாய் வட்டி'. 'ரெண்டு ரூபாய் வட்டி' என்றால் 24. தண்டல் என்று வரும்போது வட்டி என்ற சொல்லே காணாமல் போய்விடுகிறது. 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள்; நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "ஆயிரம் ரூபாதானுங்க போகுது" என்பார்கள். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கு மேல். இதை ஒரு பேக்கரிக்காரருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், உங்க பேங்க்ல 9,000 கேட்டா எத்தனை நாள்ல கிடைக்கும்?" என்றார். 2003இல் கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அவருடைய கேள்விக்கு அந்தச் சட்டத்தில் விடை இல்லை.

வட்டியைவிடப் பெரிய அச்சம் பத்திரம். "மூலப் பத்திரத்தக் கொண்டுபோய் வெச்சுப்போட்டு நான் எப்படீங்க தூங்கறது?" என்று கேட்காத ஆள் இல்லை. தவணை 90 நாள் நின்றால் கணக்கு வராக்கடன் பட்டியலில் விழும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கையகப்படுத்தலாம். கையகப்படுத்திய அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்று விதி. விதியை எழுதியவர்கள் சட்டத் தெளிவுக்காக எழுதினார்கள். பட்டறைக்காரருக்கு அது காலைப் பேப்பரில் அப்பன் பெயரோடு தன் பெயர். பெண் பார்க்க வருபவர்கள் படிக்கும் பேப்பர். வீடு போவதைக்கூட அவர் ஒருவாறு கற்பனை செய்து வைத்திருக்கிறார். அந்தக் காலை அவருக்குத் தாங்காது.

இதனால் என்ன ஆகிறதென்றால், கடன் தேவைப்படும் நல்ல ஆள் கேட்காமலே இருந்துவிடுகிறார். வங்கியின் பதிவேட்டில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது என்று இருக்கும். படியேறாமல் திரும்பியவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை. 1981இல் ஸ்டிக்லிட்சும் வைஸும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை மாணவர்கள் படித்திருப்பீர்கள். வட்டியை ஏற்றினால் துணிந்த ஆள்தான் மிஞ்சுவார், பத்திரமான ஆள் விலகிவிடுவார். அதனால் வங்கி வட்டியை ஏற்றாமல் ஆளைக் குறைக்கிறது என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் வட்டி செய்யும் அதே வேலையைப் பத்திரமும் செய்கிறது என்று என் அனுபவத்தில் சேர்த்துக்கொள்வேன். வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடமானம் வைக்கத் தயாராக இருந்த சிலரைத்தான் நான் பின்னால் கோர்ட்டில் சந்தித்தேன்.

பத்திரம் வைக்க மனமில்லாதவர் எங்கே போகிறார்? வீட்டுக்குள். மனைவியின் நகைக்கு. தீபாவளி போனஸுக்கு, ஜிஎஸ்டி கட்ட, சிஎன்சியின் ஸ்பிண்டில் பழுதானால். அரை மணி நேரத்தில் பணம். மேனேஜர் கேள்வி கேட்பதில்லை. வங்கியில் அது பெரும்பாலும் 'நகைக்கடன்' என்ற தனித் தலைப்பில் போய் உட்காருகிறது, தொழில்கடன் கணக்கில் தெரிவதில்லை. ஒரு கிளையில் நான் இருந்தபோது நகை மீட்டு மறுபடி வைக்கும் தேதிகளையும் பட்டறைகளின் சம்பளத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படியே ஒத்துப்போயின. பார்ட்டி 120 நாள் இழுத்த பணத்தின் இடரைக் கடைசியில் சுமப்பது ஒரு பெண்ணின் கழுத்து. அந்தக் கழுத்துக்கு லிமிட்டும் கிடையாது, மார்ஜினும் கிடையாது. ஒரு அம்மாவிடம் ரசீதைக் கொடுத்தபோது, "இந்தச் செயின் என்கிட்ட இருந்ததவிட உங்க லாக்கர்ல இருந்ததுதாங்க சாஸ்தி" என்று சிரித்தார்.

இங்கே என் பக்கத்துக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று 2010இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 2000இல், மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து கடன் உத்தரவாத அறக்கட்டளையை நிறுவிவிட்டன. இருந்தும் ஒரு பெண்மணி தையல் யூனிட்டுக்கு 6 லட்சம் கேட்டு வந்தபோது, "மாமனார் வீட்டுப் பத்திரம் கிடைக்குமாம்மா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கணக்கு கெட்டால் 'ஏன் கொடுத்தாய்' என்று என்னிடம் விளக்கம் கேட்பார்கள், கொடுக்காமல் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அந்தம்மா "கேட்டுட்டு வர்றேங்க" என்று போனார். வரவில்லை. என் கிளையின் நிராகரிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

தொழில் செய்பவர்களும் முழுக்கச் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வருமான வரிக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு, மச்சானுக்கு ஒரு கணக்கு என்று வைத்திருந்தவர்கள் நிறைய. வரிக்காக லாபத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, அதே தாளைக் கொண்டுவந்து கடன் கேட்டால் நான் என்ன செய்வேன்? 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் விற்பனையை மறைப்பது கடினமாகிவிட்டது. அது அவர்களுக்கே நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. அரசு உத்தரவாதத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் பரவிக்கிடக்கிறது. இன்று 10 கோடி வரை அந்த உத்தரவாதம் கிடைக்கிறது. "நான் கட்டாட்டி கவர்மென்ட் கட்டிக்கும்" என்று நினைக்கிறார்கள். உத்தரவாதம் வங்கியின் நட்டத்துக்குத்தான். கடன் உங்கள் தலையிலேயே இருக்கும், சிபிலிலும் இருக்கும். உத்தரவாதக் கட்டணத்தையும் பெரும்பாலும் உங்களிடமே வாங்கியிருப்பார்கள்.

2020 வந்தது. அந்த மே மாதம் மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு கூடுதலாக, முழு உத்தரவாதத்தோடு, வங்கிகளில் 9.25 விழுக்காட்டுக்கு மிகாத வட்டியில். புதுச் சொத்து ஈடு கேட்கக் கூடாது. நான் பார்த்தவரை சிறுதொழில்காரர்கள் மனதார வாழ்த்திய ஒரே வங்கிக் கடன் அது. வங்கியே போன் செய்து "வேண்டுமா" என்று கேட்டது. ஆனால் அது ஏற்கெனவே கடன் வைத்திருந்தவருக்குத்தான். "கடனே ஆகாது" என்று அப்பா சொன்னபடி கைக்காசில் தொழில் செய்த என் பக்கத்துத் தெரு ஃபவுண்டரிக்காரருக்கு 20 விழுக்காடு கணக்கிட எந்தத் தொகையும் இல்லை. "கடன் வாங்காம இருந்தது தப்பாப் போச்சுங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அடுத்த வருடம் தேவையில்லாமலே ஒரு ஓ.டி. போட்டுக்கொண்டார்.

பார்ட்டி பணம் தராவிட்டால் சட்டம் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க மாநிலத்தில் மன்றம் இருக்கிறது, இணையத்தில் புகார்த் தளம் இருக்கிறது. எங்கள் பட்டறைக்காரரிடம் படிவத்தை நிரப்பித் தரட்டுமா என்றேன். "வட்டி வருங்க, அடுத்த ஆர்டர் வராதுங்களே" என்றார். பிறகு, பாக்கி வைத்தால் அந்தச் செலவை வருமான வரியில் அந்த ஆண்டு கழிக்க முடியாது என்று 43பி பிரிவில் ஒரு புது உட்பிரிவு சேர்த்தார்கள். 2024 மார்ச்சில் சில பார்ட்டிகள் ஓடிவந்து பாக்கியைத் தீர்த்தார்கள். வேறு சிலர், "உத்யம் பதிவு இல்லாத ஆளா இருந்தா நல்லது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாதுகாப்புக்கு வாங்கிய அந்தச் சிறுதொழில் பதிவுச் சான்றிதழைப் பீரோவில் ஒளித்துவைக்க வேண்டிய நிலை.

ட்ரெட்ஸ் என்ற பில் தள்ளுபடித் தளங்கள் நல்ல ஏற்பாடு. பெரிய நிறுவனம் பில்லை ஒப்புக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும். பின்னால் அந்த நிறுவனம் கட்டாவிட்டாலும் விற்றவரைத் தொடமாட்டார்கள். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும். கணபதியின் கடைசல் பட்டறைக்குப் பார்ட்டியோ, இன்னொரு சின்ன பம்பு கம்பெனி. அவரும் தன் பார்ட்டியின் பணத்துக்காகக் காத்திருப்பவர். சங்கிலியின் மேல் கண்ணியில் ஊற்றும் எண்ணெய் கீழே சொட்டும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

போன மாதம் பட்டறைக்காரரின் லிமிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பாக்கிப் பட்டியலை நான் சொல்லச் சொல்ல அவர் மகள் கணினியில் அடித்தாள். ஒரு பெயர் வந்தது. 84,000 ரூபாய், பதினான்கு மாதப் பழசு. "இது 90 நாள் தாண்டிருச்சு, எடுத்துரும்மா" என்றேன். அவர் மிஷினிலிருந்து நிமிர்ந்து, "அவரு தந்துருவாருங்க. போன வருஷம் சம்சாரத்துக்கு ஆபரேஷன் ஆச்சு. தை மாசம் அஞ்சாயிரம் கொண்டாந்து கொடுத்தாரு, சித்திரையில ஒரு மூவாயிரம்" என்றார். வங்கியின் கணக்கில் அது இல்லாத பணம் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். மகள் அந்த வரியை நீக்கினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேசையில் கிடந்த நீள நோட்டைப் பிரித்து, அதே பெயருக்கு எதிரே தேதி போட்டு வைத்திருந்த இரண்டு வரவையும் எனக்குக் காட்டினார்.